மில் சத்தத்துக்குள் ஒரு ராஜபார்ட்

எம்.ரெட்டியபட்டி இருளப்பசாமி நாடகத்தில் ராஜபார்ட். அவர் ஓங்கிப் பாடினால் தூங்குகிற பிள்ளைகூட எழுந்து உட்காரும். ஆனால் பங்குனியில் தொடங்கும் திருவிழாக்கள் ஆடியோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் ராஜா கரி சுடுகிற மூட்டத்துக்கு விறகு வெட்டப் போவார். மழை பொய்த்த வருசம் திருவிழாவே கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் மனைவி மூக்கம்மாளின் அண்ணன் வீரணன் அங்கே இங்கே சொல்லி அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் அவரைச் சேர்த்துவிட்டான். மாதச் சம்பளம். மூக்கம்மாள் சாமிக்குப் பொங்கல் வைத்தாள்.

அந்த வாரமே வீரசோழன் கிராமத்துப் பக்கமிருந்து ஊர்க்காரர்கள் திருவிழா நாடகத்துக்கு அழைக்க வெற்றிலைத் தட்டோடு வந்து நின்றார்கள். நடிகன் வெற்றிலையைத் தொட்டுவிட்டால் செத்தாலும் வந்து ஆடித்தான் ஆகவேண்டும். இருளப்பசாமியின் வலது கை பழக்கத்தில் முன்னால் போய்விட்டது. அதை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மில்லுல சேந்துட்டேன். தப்பா நெனைக்காதீக."

"ஒரே ஒரு நாளு லீவு போட்டு வாருமய்யா."

"ஒரு நாளு வந்தா மறுநாளு காலு மில்லுக்குத் திரும்பாது."

அவர்கள் போனபின் அவருக்குச் சோறு இறங்கவில்லை. வாய்விட்டு அழுதார்.

மில்லுக்குள் பக்கத்து ஆள் கத்தினாலும் காதில் விழாது. அந்த இரைச்சலில் தொண்டை கிழியப் பாடினாலும் கேட்பாரில்லை, தன் காதிலும் விழாது என்று முதல் வாரமே கண்டுகொண்டார். அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே முழு நாடகத்தையும் பாடித் தீர்ப்பார். நான்கு வருசம் ஒரு ஷிப்டு விடவில்லை. சம்பளமும் தவறவில்லை; மூக்கம்மாள் வீட்டுக்கு ஓடு போட்டாள்.

ஒரு பகலில் பாட்டு உச்சத்தில் இருந்தபோது கரண்டு போனது. மிஷின்கள் நின்றன. அந்த நிசப்தத்தில் ஒரு குரல் மட்டும் தனியாக நின்றது. எல்லோரும் திரும்பினார்கள். மேஸ்திரி அருஞ்சுனை வருவதைப் பார்த்து, வேலை போயிற்று என்று இருளப்பசாமி வாயை மூடினார்.

"ஏன்யா நிப்பாட்டிட்டீரு? நல்லாத்தான இருக்கு. கரண்டு வர்ற வரைக்கும் பாடும்."

பாடினார். கைதட்டினார்கள். நான்கு வருசத்தில் தன் குரலை அன்றுதான் கேட்டார். பஞ்சுத் தூசியும் கத்தலும் தின்றதில், ஓட்டைப் பானையைத் தட்டுவதுபோல் கரகரத்துக் கிடந்தது. பழைய குரலைக் கேட்டவர்கள் யாரும் அங்கே இல்லை.

மறுநாளும் வேலைக்குப் போனார். மிஷின்கள் ஓட ஆரம்பித்ததும் பாடினார். அந்தச் சத்தத்துக்குள் அவர் குரல் பழையபடியே இருந்தது.