அகமது கபீரின் ஐந்தருவி இறக்கம்

டீக்கடை மேசையின் கோடியிலிருந்து டம்ளரை மெல்லத் தள்ளிக்கொண்டு வருகிறார் அகமது கபீர். "வருது, வருது, இந்தா வந்துட்டுது" என்று குரல் ஏறுகிறது. டம்ளர்தான் கார். எதிரே கிடக்கும் தீப்பெட்டி, பலாப்பழம் ஏற்றிய மாட்டுவண்டி. தென்காசி ஸ்டாண்டில் சொந்த டாக்சி ஓட்டுகிற இந்த மனிதருக்கு எந்தச் சவாரியையும் வெறும் வாயால் சொல்ல வராது. கேட்கிறவர் மறந்துபோய் டீயைக் குடிக்க எடுத்தால், "வண்டியைக் கீழ வையும்வே" என்று கோபம் வந்துவிடும்.

பதினோரு வருஷமாக ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவர். யுத்தம் முடிந்தும் பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கிறது. அதனால் இறக்கம் கண்ட இடமெல்லாம் எஞ்சினை அணைத்துவிடுவார். குற்றால ரோட்டு டிரைவர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம் அது. அவருடைய கிழட்டுக் காரில் சாரல் விழுந்தால் வைப்பரைக் கையால்தான் ஆட்ட வேண்டும். வலது கையில் ஸ்டியரிங், இடது கையில் வைப்பர். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

போன வாரம் சுரண்டை ஜவுளி வியாபாரி ஹபீபுல்லாவின் டிரைவர் காய்ச்சலில் படுத்துவிட, அவருடைய புத்தம் புதுக் காரை ஐந்தருவிக்கு ஓட்டிப்போனார் கபீர். திரும்பும்போது நல்ல சாரல். இறக்கம் வந்ததும் கை வழக்கம்போல எஞ்சினை அணைத்தது. அந்தக் காரிலோ எஞ்சின் ஓடினால்தான் வைப்பர் ஓடும். கண்ணாடி வெள்ளையாகிப் போனது, எதிரே வந்த பலாப்பழ வண்டியில் கார் போய் இடித்தது. மனுஷருக்கோ மாட்டுக்கோ ஒன்றும் ஆகவில்லை. ரோடெல்லாம் பலாப்பழம், புதுக் காருக்கு ஒரு பக்கத்து விளக்கைக் காணோம்.

இப்போது அவருடைய சொந்த டாக்சிக்கு இன்சூரன்ஸைப் புதுப்பிக்க வேண்டும். அது இல்லாமல் வண்டி ரோட்டில் ஏறக் கூடாது. சீசனோ தொடங்கிவிட்டது, அவர் வீட்டின் வருஷத்துச் சோறே அதில்தான். கம்பெனித் தாளில், யார் வண்டியை ஓட்டியாவது விபத்து உண்டா என்று ஒரு கேள்வி. "அது நம்ம வண்டியா? ஊரான் வண்டியில நடந்ததை எதுக்குப் போய்ச் சொல்லுதிய?" என்று மனைவி ஜாஹிரா பீவி வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினாள். சரி என்றுதான் கிளம்பினார்.

ஏஜெண்டு செல்லப்பா அந்தக் கேள்வியை வாசித்து முடிக்குமுன், அவர் மேசையிலிருந்த மைக்கூடு இறக்கத்தில் ஓடத் தொடங்கிவிட்டது. வாயால் ஹாரன், காலால் பிரேக். நாற்காலி கிறீச்சிட்டது.

செல்லப்பா வயதில் மூத்தவர், நல்ல மனிதர். மைக்கூட்டைக் காப்பாற்றி ஓரமாக வைத்தார். "பாய், பிரேக்கு பிடிக்கலைன்னு எழுதிருதேன். குத்தம் வண்டி மேல போயிரும். எஞ்சினை அணைச்சேன்னு சொன்னா கம்பெனி உம்ம பாலிசியைத் தொடவே தொடாது."

கபீருக்குச் சீசன் முழுவதும் கண்முன் வந்து போனது. ஆனால் பிரேக் பிடித்ததே. பிடித்ததால்தானே மாடு பிழைத்தது.

"பிரேக்கு நல்லாப் பிடிச்சிது அண்ணாச்சி. அதை மாத்துனா கதையே நிக்காது. இங்கன பாருங்க" என்று எழுந்து போனவர், செல்லப்பாவின் பேனா பிடித்த கையைப் பற்றி, காற்றில் இல்லாத சாவி ஒன்றை அணைக்கிற பக்கமாகத் திருப்பினார்.