பாக்கெட் தீவனம் ஜெயித்த கதை

எங்கள் அத்தான் பதினாறு வருஷம் புழு நறுக்கினார். இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணையில், தாய் இறால்களுக்குத் தீனி வைக்கிற வேலை. சேற்றுப் புழுவையும் கணவாய் மீனையும் பொடியாக நறுக்கி ஒரு நாளைக்கு நாலு வேளை ஊட்டாத குறையாகப் போடுவார். என் அக்காள் சாப்பிட்டாளா என்று ஒரு நாளாவது கேட்டிருப்பாரா என்றால், அது வேறு கதை.

புது மேனேஜருக்குப் புழுவைக் கண்டாலே குமட்டியது. அவர் கூட்டிவந்த தீவன நிபுணர், தாய் இறாலைப் படத்தில் நிறையப் பார்த்தவர். புழுவால் நோய் வரும், தன் பாக்கெட் தீவனம் ஒன்றே போதும் என்றார். ஒரு மாதம் சோதனை. ஜெயித்தால் புழு நறுக்க ஆளே தேவையில்லை. அந்தச் சோதனையை நடத்துகிற பொறுப்பையும் பெருந்தன்மையாக அத்தானிடமே கொடுத்தார்கள்.

பத்து நாளில் லட்சணம் தெரிந்துவிட்டது. சினை பிடித்தால் முதுகில் ஓட வேண்டிய பச்சைக் கோடு ஓரிரண்டு இறாலில்தான் தெரிந்தது. அவை போட்ட முட்டையிலும் பாதிக்கு மேல் பொரிக்கவில்லை. குஞ்சு எண்ணுகிறவன் நான்தான், பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

மூளை உள்ளவன் மீதி இருபது நாளும் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பான். வேலை தானாக நிலைத்திருக்கும். அத்தானுக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏது?

"வயித்துக்கு ஒழுங்கா போடாம முட்டை மட்டும் கேட்டா எங்கிருந்துடா வரும்?" என்று என்னிடம் பொரிந்து தள்ளினார்.

மறுநாளிலிருந்து டிபன் கேரியரின் மேல் தட்டில் அவர் சாப்பாடு, கீழ்த் தட்டில் இறாலின் சாப்பாடு. அக்காள் அதற்குப் பிறகு அந்தக் கேரியரைக் கையால் தொடவில்லை. பண்ணை நோட்டில் மட்டும் அத்தான் தினமும் "புழு: இல்லை" என்று முத்து முத்தாக எழுதினார்.

மாதக் கடைசியில் முட்டை கொட்டோ கொட்டென்று கொட்டியது. நிபுணர் அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேனேஜர் நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்.

அத்தான் உண்மையைப் போட்டு உடைத்தார். "சார், நான்தான் ஒளிச்சு வச்சுப் புழு போட்டேன். பாக்கெட்டை மட்டும் நம்பாதீங்க, அதுங்க பாவம்."

மேனேஜர் நோட்டை அவர் முன்னால் விரித்தார். "இது உங்க கையெழுத்துதானே? வேலை போகுதுன்னு கதை விடாதீங்க. வேணும்னா உங்க மச்சானையே கேப்போம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு.

"எனக்குத் தெரியாது சார்" என்றேன்.

அத்தான் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மூன்றே வாரத்தில் முட்டை படுத்துவிட்டது. நிபுணர் தீர ஆராய்ந்து, தீவனத்தில் ஒரு குறையும் இல்லை, இது யாரோ செய்த சதி என்று கண்டுபிடித்தார். அத்தானை வரவழைத்தார்கள்.

"போறப்ப தொட்டியில என்னத்தைக் கலந்தீங்க?" என்றார் மேனேஜர்.

"ஒண்ணும் கலக்கல சார். போட்டுட்டு இருந்ததுதான் நின்னுபோச்சு."

மேனேஜர் சிரித்தார். எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"அவர் போட்டது நிஜம் சார். தினமும் பார்த்தேன். அன்னைக்குப் பொய் சொன்னது நான்."

"ஓ, அப்போ ரெண்டு பேரும் கூட்டா?" என்றார் மேனேஜர்.

இப்போது அத்தானும் நானும் ஒன்றாகத்தான் வேலை தேடுகிறோம்.