ஒப்புக்குச் சப்பாணியைத் தேடியவள்

எங்கள் கண்ணாமூச்சியில் ஒரு விதி இருந்தது. ஓடத் தெரியாத பொடிசுகளையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வோம். ஆனால் அவர்கள் பிடிபட்டாலும் கணக்கில்லை, பிடிபடாவிட்டாலும் கணக்கில்லை. அப்படிச் சேர்க்கப்படுபவனுக்குப் பெயர் ஒப்புக்குச் சப்பாணி. நான்கு வயதில் என் தம்பி அதுவாக இருந்தான்.

அன்று தேடும் முறை அக்காவுடையது. அவளுக்குப் பதினொரு வயது. ஊர்க்கோடியில் சாக்குக் கிடங்கின் சுவரில் முகம் புதைத்து ஐம்பது எண்ணினாள். ஏழு பேரும் அகப்பட்டதும், "எல்லாரும் அவுட்டு!" என்று கத்தினாள். கலைந்துவிட்டோம். தம்பி முன்பே வீட்டுக்குப் போயிருப்பான் என்று நினைத்தாள். நானும்தான். அவன் கிடங்கின் மரப்பெட்டிக்குள் இருந்தான். மூடியின் கொக்கி வெளிப்பக்கம் மாட்டிக்கொண்டிருந்தது. இருட்டுவதற்குள் எடுத்துவிட்டார்கள். மூச்சில்லை.

அம்மா அவளை அடிக்கவில்லை. "அவனையும் ஒரு ஆளா எண்ணியிருக்கலாமேடி" என்று ஒரே ஒருமுறை சொன்னாள். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. 'உன் தப்பில்லை' என்ற ஒரு சொல்லுக்காக அக்கா முப்பத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்தாள்.

கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள். பள்ளி வேனில் ஆயா வேலை. பிள்ளைகள் இறங்கியபின் ஒவ்வொரு சீட்டுக்கடியிலும் குனிந்து பார்ப்பாள்.

"என்னக்கா, சீட்டுக்கடியில பூனை ஏதாவது குட்டி போட்டிருக்கும்னு பாக்குறீங்களா?" என்பார் டிரைவர்.

"நீங்க ரோட்டப் பாருங்க. பாதி நேரம் அதையே பாக்கறதில்ல."

வயதாகி அம்மாவுக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியது. சாயங்காலமானால், "சின்னவன எங்கடி காணோம்?" என்பாள். முதல் நாள் நான், "அவன் போய்ச் சேந்து எத்தனையோ வருஷமாச்சும்மா" என்றேன். அன்றுதான் செய்தி வந்ததுபோல் மார்பில் அறைந்துகொண்டாள். மறுநாள் அக்கா முந்திக்கொண்டாள்.

"ஒளிஞ்சிட்டிருக்கான்மா."

"போய்த் தேடிட்டு வா."

அக்கா உண்மையாகவே போனாள். தெருமுனைவரை நடந்துவிட்டு வந்தாள்.

"கிடைக்கலம்மா."

"நல்லாத் தேடுனியா?"

"தேடுனேன்."

இரண்டு ஆண்டுகள் இப்படி. போன மாதம் ஒருநாள் திரும்பி வந்தவள் அம்மாவின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள். நெஞ்சு வலிப்பதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"அம்மா, எம்மேல இன்னும் கோவமா?"

அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். "நீ யாரு பெத்த பிள்ளம்மா? பாவம், அலைஞ்சு களைச்சிருக்க. உங்க வீட்டுக்குப் போ."

அக்கா எழுந்துபோய்ப் படுத்தாள். காலையில் உடம்பு சில்லிட்டிருந்தது.

இப்போது சாயங்காலங்களில் தெருமுனைவரை நான் போய் வருகிறேன். சின்னவன் கிடைத்தானா என்றுதான் அம்மா கேட்கிறாள். அக்கா எங்கே என்று இதுவரை கேட்கவில்லை.