முதலில் வந்த செய்தி

சைகோனில் நான் வேலை பார்த்த கம்பெனி தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர் அனுப்பியது. மோட்டார் நகரத்துக்கு வெளியே குச்சி என்ற ஊரில். குழாயின் மறுமுனை வால்வு பின் யுவோங்கில். நான் நகரத்துக்குள், சோலோனில், ஒரு மாடியறையில். ஒவ்வோர் இடத்திலும் ஒரு பெட்டி அங்கு நடப்பதைத் தானே கவனித்து எனக்குச் செய்தி அனுப்பும். குச்சிச் செய்தி உடனே வரும். பின் யுவோங் செய்தி மழை நாளில் கால் மணி நேரம்கூட ஊர்ந்து வரும்.

ஒரு மத்தியானம், நல்ல மழை, ஆலைகளுக்குத் தண்ணீர் நின்றது. திரையில் முதலில் வந்தது மோட்டார் நின்ற செய்தி. அதன்பின் வால்வு மூடிய செய்தி. தண்ணீர் வராவிட்டால் வால்வு தானாக மூடிக்கொள்ளும். ஆக, மோட்டாரை யாரோ நிறுத்தியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். அங்கே இருந்தது ஒரே ஆள், என்னைவிட மூத்த ஒரு வியட்நாமியப் பெண். நான் அவரைச் 'சி' என்பேன், நம் அக்கா மாதிரி. ஏற்கெனவே ஓர் எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தார். இன்னொரு தவறென்றால் வேலை போய்விடும். அது தெரிந்தும், அவர்தான் நிறுத்தினார் என்று மேனேஜருக்கு எழுதினேன். ஆலைக்காரர்கள் போனில் கத்திக்கொண்டிருந்தார்கள், எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

மேனேஜர் சென்னைக்காரர். "கன்ஃபர்மா சொல்றியாப்பா?"

"மெசேஜ் வந்த ஆர்டரப் பாருங்க சார். மோட்டார்தான் ஃபர்ஸ்ட்டு."

அன்று மாலையே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

நான்கு நாள் கழித்து வேறெதற்கோ பழைய பதிவுகளைத் திறந்தேன். ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு நேரம் உண்டு: நடந்த நேரம், வந்து சேர்ந்த நேரம். திரை அடைசலாக இருக்கிறதென்று நடந்த நேரத்தை மறைத்து வைத்தவன் நான்தான். வால்வுதான் முதலில் பழுதாகி மூடியிருக்கிறது. தண்ணீர் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, இரண்டு நிமிஷத்தில் மோட்டார் தானே நின்றிருக்கிறது. தீர விசாரிப்பதே மெய் என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தவன்தான் நானும். அன்றே மேனேஜரிடம் போய் என் தவறைச் சொன்னேன்.

மறுநாள், சியை வேலைக்குத் திரும்ப அழைத்து மேனேஜர் கொடுத்த கடிதத்தோடு மோட்டார் சைக்கிளில் குச்சிக்குப் போனேன். சி தன் வீட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நடந்ததை எனக்குத் தெரிந்த வியட்நாமிய மொழியில் திக்கித் திணறிச் சொன்னேன். கடிதத்தை வாங்கிப் படித்து, மடித்துத் திருப்பித் தந்தார். செருப்பு ஆலையில் சேர்ந்துவிட்டாராம்.

"அந்தச் செய்தி லேட்டா வந்துச்சு, சரி. நான் போன் பக்கத்துலதான உக்காந்திருந்தேன், தம்பி? என்னைக் கேக்கவே இல்லையே நீ."

அவர் எண் என் போனில் இருந்தது. அழைத்தால் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிடுவார்.