ஒரே மதியத்தில் மூன்று

மூன்று. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை.

எங்கள் ஆலையில் இருபத்தெட்டு வருடம் கொதிகலனைப் பார்த்துக்கொண்டவனுக்கு 'பிரஷர்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. நான் சங்கச் செயலாளராக இருந்த காலம் முழுக்க அவன் உறுப்பினர். கூட்டத்தில் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. கை தூக்கச் சொன்னால் தூக்குவான். இறக்கச் சொல்லும்வரை இறக்க மாட்டான்.

வேலைநிறுத்தம் தொடங்கிய அன்று மட்டும் என்னை எதிர்த்தான். எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள், இவனைக் காணோம். உள்ளே போய்க் கத்தினேன்.

"நெருப்ப அணைச்சிட்டு வெளிய வாய்யா!"

"அணைச்சாச்சு தோழர். ஆனா இது ஆறறதுக்குப் பதினெட்டு மணி நேரம் ஆகும். அவசரப்படுத்தினா தகடு கீறல் விட்டுரும். நாளைக்கு நாமதானே வந்து இதுல வேல செய்யணும்?"

பதினெட்டு மணி நேரமும் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வந்தான். அவ்வளவு பொறுமைக்காரன்.

ஆனால் கொதிகலன்காரனுக்கு நெருப்பு வேறு, தண்ணீர் வேறு. நெருப்பை மெல்ல ஏற்றுவான், மெல்ல இறக்குவான். தண்ணீரில் சோடாக் காரம் குறைந்தாலோ இரும்பு அரித்துப் போகும். சோதனைக் குழாயில் எண் குறைந்து தெரிந்தால், அந்த ஷிப்ட் முடிவதற்குள் மருந்தைக் கொட்டிச் சரிக்கட்டிவிட வேண்டும். குறைந்த எண்ணை அடுத்த ஷிப்ட்காரன் தலையில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவன் கொதிகலன்காரனே இல்லை. அவர்கள் பிரிவில் இதுதான் மானம்.

அவன் மனைவி பிஸ்கட் கம்பெனியில் பொட்டலம் கட்டியவள். என்னை அண்ணே என்பாள். பத்தொன்பது வருட மாவுத் தூசி நுரையீரலில் படிந்து, வேலையை விட்டு வீட்டோடு முடங்கினாள். முடங்கியவள் சும்மா இருக்கவில்லை. முன்னறையில் நாலடிக் கண்ணாடித் தொட்டி வைத்து, கடல்நீர் பக்குவத்துக்கு உப்புக் கலந்து, பவளம் வளர்த்தாள். நகைக்கடைப் பவளம் இல்லை, உயிருள்ளது. கல்லில் ஒட்டிக்கொண்டு மரம்போலக் கிளைவிடும். உள்ளே சுண்ணாம்பு எலும்பு, மேலே தோல்போல மெல்லிய சதை. சுண்டுவிரல் நீளத் துண்டாக வந்தது, பதினோரு வருடத்தில் குடத்தின் வயிறு அகலத்துக்கு ஊதா நிறத்தில் விரிந்து நின்றது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். இதை வைத்துக் கண்ணீர் பிழிகிற உத்தேசம் எனக்குக் கிடையாது.

பவளம் எலும்பு கட்டுவதற்குத் தண்ணீரிலிருக்கும் காரத்தைத் தின்னும். தின்றதை ஈடுகட்ட அவள் தினமும் ஒரு மூடி சோடா உப்புக் கரைசல் ஊற்றுவாள். காலையில் அந்தக் காரத்தை அளந்து, சுவரில் தொங்கும் சிலேட்டில் எழுதுவாள். எட்டு. மறுநாளும் எட்டு. பதினோரு வருடமாக எட்டு.

நாலு மாதம் முன்பு ஒரு நாள் மூச்சு நின்று நின்று வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒன்பது நாள் பிரஷர் அந்த வராந்தா பெஞ்சை விட்டு நகரவில்லை. தொட்டி ஞாபகம் யாருக்கும் இல்லை. பத்தாம் நாள் குளித்துவிட்டு வரலாம் என்று வீட்டுக்கு இழுத்து வந்தேன். குளிக்கப் போகாமல் நேரே தொட்டியை அளந்தான்.

"அஞ்சு, தோழர்."

"அப்புறம் என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கற? போட்டு ஏத்து!"

சொன்னது நான். வாழ்நாள் முழுக்கத் துண்டுப் பிரசுரத்தில் 'உடனடியாக' என்று எழுதிப் பழகிய கை, வாயும் அப்படித்தான். என் பங்கை மறைக்கவில்லை.

அவன் சோடாவை எடை போட்டு வாளியில் கரைத்து ஊற்றினான். ஒரு மணி நேரத்தில் எட்டு. சிலேட்டில் எழுதினான். "ஷிப்ட் முடிஞ்சுது" என்று சிரித்தான். ஒன்பது நாளில் அன்றைக்குத்தான் சிரித்தான்.

மூன்று. ஒரே மதியத்தில்.

மூன்றாம் நாள் கிளை நுனிகள் எரிந்துபோன தீக்குச்சிபோல ஆயின. அடியிலிருந்து சதை உரிந்து வெள்ளெலும்பு தெரிந்தது. வளர்ப்பு மீன் கடைக்காரரிடம் ஓடினோம்.

"எவ்வளவு ஏத்துனீங்க?"

"மூணு."

"எத்தன நாள்ல?"

"ஒரு மணி நேரத்துல."

கடைக்காரர் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். "ஒம்பது நாள் பட்டினி கெடந்தவனுக்கு ஒம்பது நாள் சாப்பாட்டயும் ஒரே வேளைல திணிச்சா என்னண்ணே ஆவான்? ஒரு நாளைக்கு அரைதான் ஏத்தணும். ஆறு நாள் வேலைய ஒரு மணி நேரத்துல முடிச்சுட்டு வந்து நிக்கறீங்க."

"இப்ப என்ன பண்றது?"

"உரியாத கிளையா பாத்து வெட்டி எடுங்க. தனித்தனிக் கல்லுல ஒட்டுங்க. இன்னிக்கே பண்ணணும். அவசரப்பட வேண்டியது இதுக்குத்தான்."

இதற்குத்தான் அவன் அவசரப்படவில்லை.

"பதினோரு வருஷத்த கட்டிங் பிளேயர வெச்சு நறுக்கிட்டு அவ மூஞ்சில எப்படி தோழர் முழிப்பேன்? அவ வர்றதுக்குள்ள தானா தேறிடும்."

அவளைக் கேட்காமல் வெட்ட மனமில்லை. கேட்கவும் தைரியமில்லை. தினமும் அவள் கேட்பாள், எப்படி இருக்கு? ஜம்முன்னு இருக்கு என்பான். போட்டோ காட்டச் சொன்னாள். கைப்பேசியில் பழைய படத்தைத் தேடி எடுத்துக் காட்டினான். மறுநாள் இன்னொரு பழைய படம். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். இப்படி மறைக்கத் தொடங்கிய ஐந்தாம் நாள் அவள் முகத்து மாஸ்க்கைக் கழற்றினாள்.

"என்னங்க, இது எப்ப எடுத்தது?"

"இன்னிக்குக் காலைலதான்."

"இந்த மஞ்ச மீன் செத்து ஆறு மாசமாச்சு. நீங்கதான் பூந்தொட்டில புதைச்சீங்க. இன்னிக்குக் காலைல எந்திரிச்சு வந்து நீந்துச்சாக்கும்?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். அவன் சொல்லிவிட்டான். மூன்று என்பதையும் சொன்னான், ஐந்து நாள் என்பதையும் சொன்னான். அவள் மூச்சைச் சேர்த்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வெட்டினீங்களா இல்லயா?"

"உன்னக் கேக்காம எப்படி..."

"என்னக் கேக்கற வரைக்கும் அது சாகாம நிக்குமா? அண்ணே, இந்த மனுசன இழுத்துட்டுப் போங்க. தலையாட்டினது போதும்."

வீட்டில் பிளாஸ்டிக் பேசினை ஏந்திப் பிடித்தது நான். வெட்டியது அவன். ஒவ்வொரு கிளையும் சாக்பீஸ் ஒடிகிற சத்தத்தோடு வந்தது. தண்ணீர் நாறியது. முப்பது கிளைகளுக்குமேல் இருந்ததில், ஊதா மிச்சமிருந்தவை ஒன்பது. ஐந்து நாள் முன்பே வெட்டியிருந்தால் இருபது கிளையாவது தேறியிருக்கும். இதைக் கடைக்காரர் பிறகு சொன்னார். அவனிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார்.

இருபதாம் நாள் அவளை ஆக்ஸிஜன் மெஷினோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். முன்னறையில் ப்ளக் பாயின்ட் போதவில்லை. அவன் தொட்டி விளக்கைப் பிடுங்கப் போனான்.

"அதப் புடுங்காதீங்க. எக்ஸ்டென்ஷன் வாங்கிட்டு வாங்க. நானும் அதுவும் ஒரே ஒயர்ல ஓடிக்கறோம்."

அன்றைக்கு ஒன்பதில் நாலு இருந்தது. தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து அவளே தினமும் எண்ணினாள். நாலு இரண்டாயிற்று. கடைசித் துண்டு பன்னிரண்டு நாள் தாக்குப்பிடித்தது. அது போன காலையில் நான் அங்கேதான் இருந்தேன்.

"போச்சுங்க" என்றாள்.

"இல்லல்ல, ஓரத்துல ஊதா தெரியுது பாரு."

"அது பாசி."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். வேலைநிறுத்தத்தில் போலீஸ் அடித்தபோதுகூட அழாதவன். அவள் அவன் தலையில் கை வைத்துக்கொண்டு பேசினாள். நாலு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

"மூணு ஏத்தினீங்க, அதுக்கு மன்னிச்சாச்சு. அது உங்க தொழில் புத்தி. பொய் சொன்னீங்க பாருங்க, அதுக்குக் கொஞ்ச நாளாகும்."

"ஆவட்டும். மெதுவாவே மன்னி."

சுண்டுவிரல் துண்டு ஒன்றைக் கடைக்காரர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். குடத்தின் வயிறளவு வளரப் பதினோரு வருடம் வேண்டும். டாக்டர் அவளைப் பற்றி எங்களிடம் மாதக் கணக்கில்தான் பேசினார். அவளுக்கும் தெரியும். துண்டு வரட்டும், அதற்குமுன் தண்ணீரின் எண் ஒரு மாதம் எட்டிலேயே ஆடாமல் நிற்கட்டும் என்று சொல்லியிருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். மெஷின் இரைந்துகொண்டிருந்தது. தொட்டியில் அந்த வெள்ளெலும்பு மட்டும் நின்றது. எடுக்க வேண்டாம் என்று அவள்தான் சொன்னாளாம். பிரஷர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சோதனைக் குழாயை வெளிச்சத்தில் பிடித்து, சொட்டு சொட்டாக மருந்து விட்டு எண்ணினான். முடித்ததும் சிலேட்டை எடுத்தான்.

"எவ்வளவு?" என்று நாற்காலியிலிருந்து கேட்டாள்.

"எட்டு."