பிரியாணி அண்டாவோடு சண்டை போட்டவர்

போர்ட் பிளேரிலிருந்து சென்னை போகும் கப்பலில் எனக்குக் கீழ்ப் படுக்கைக்காரர் அவர். தொண்டை வைத்தியத்துக்காக மெயின்லேண்ட் போகிறவர். மூக்கில் செருகிய குழாய் வழியாகத்தான் கஞ்சி.

நாளெல்லாம் போனில் ஒரே கேம். கால் முளைத்த பிரியாணி அண்டா ஒன்று கொதிக்கிற சோற்றை வாரி வீசும். வீரனை விட்டு அதை அடித்துச் சாய்ப்பார். ஜெயித்த வீரன் பந்தியில் உட்கார்ந்ததும் கேமை மூடிவிடுவார். மறுபடி முதலிலிருந்து அதே அண்டா.

"அண்ணே, அவன் சாப்பிட்டு முடிச்சாத்தானே அடுத்த லெவல்?" என்றேன்.

"கஷ்டப்பட்டு அடிச்சது நான். சாலா, அவன் உக்காந்து திம்பான், நான் பாத்துட்டு இருக்கணுமா? சோடோ தம்பி, விட்டுடு" என்று கரகரத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் கையில் கேன்டீன் பூரிப் பொட்டலம். டெக்குக்கு எடுத்துப்போய்த் தின்றேன். சனியன், ருசியாகத்தான் இருந்தது.