வாசல் சுவரைப் பறிகொடுத்த பெண்ணியவாதி

திண்டுக்கல் நகரில் பெண்ணுரிமைக்காகத் தூரிகை பிடித்த முதல் ஆண் யார் என்பதற்கு இரண்டு பதில்கள் உண்டு. ஓவிய ஆசிரியர் அருள்நாதன் என்பது ஒன்று. இதைச் சொல்பவர் அருள்நாதன். பிளக்ஸ் கடை டோனி என்பது மற்றொன்று. இதை டோனி சொல்வதில்லை. ஊர்ப் பெண்கள் சொல்கிறார்கள். அருள்நாதனுக்கு வயிறு எரிவது அதனால்தான்.

பல வருடங்களாக அவர் பெண்களின் துயரத்தை வரைந்து வருகிறார். சங்கிலியில் பெண், கூண்டில் பெண், சிலுவையில் பெண். எல்லோரும் இடப்பக்கமாகவே தலை சாய்த்து அழுவார்கள். வலப்பக்கம் சாய்த்தால் அவருக்கு மூக்கு சரியாக வராது. தாயார் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்துக் கையெழுத்திடும் புரட்சியையும் அவரே தொடங்கினார். அடுத்த மாதமே டோனி தாயார் எழுத்தோடு மாமியார் எழுத்தையும் சேர்த்துப் போட்டான். அன்று அருள்நாதனுக்குச் சோறு இறங்கவில்லை.

"காதுகுத்துக்கு பிளக்ஸ் அடிக்கிற பயலுக்குப் பெண்ணியத்தப் பத்தி என்ன தெரியும்?" என்று மனைவி அன்னாளிடம் குமுறினார்.

"நம்ம வீட்டுக்கு வந்தா, சாப்பிட்ட தட்ட அந்தத் தம்பியே கழுவி வச்சிட்டுப் போகுது. எனக்கு அம்புட்டுத்தான் தெரியும்" என்றாள் அன்னாள், கீரையை ஆய்ந்தபடி.

"அது விளம்பரம்."

மகளிர் தினக் கண்காட்சிக்கு இந்த வருடம் ஆண்களும் படம் தரலாம் என்று அறிவித்தார் மகளிர் குழுத் தலைவி குர்ஷித் பேகம். மண்டபத்தின் வாசல் சுவரில் தொங்கும் படம்தான் பேப்பரில் வரும். அந்தச் சுவர் கிடைத்தால் ஊர் அருள்நாதனைப் பெண்ணிய ஓவியர் என்று ஒப்புக்கொள்ளும். கிடைக்காவிட்டால் டிராயிங் வாத்தியாராகவே ரிட்டயர் ஆக வேண்டியதுதான். அருள்நாதன் லீவு போட்டு, பத்துக் கைகளிலும் விலங்கு பூட்டிய பெண்ணை வரைந்து கொடுத்தார்.

கண்காட்சியன்று போய்ப் பார்த்தால், அவருடைய பெண் தண்ணீர் கேன்களுக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தாள். வாசல் சுவரில் டோனியின் படம்.

குர்ஷித் பேகத்தை மறித்தார். "நேராச் சொல்லுங்க மேடம். ஆம்பள வரைஞ்சதுன்னுதான ஓரங்கட்டிட்டீங்க?"

"டோனியும் ஆம்பளதான சார்."

"அவன் படத்துல ஒரு பொம்பளகூட இல்லையே."

"ஆமா. எங்க அழுத மூஞ்சிய நாங்க வீட்டுக் கண்ணாடியிலயே பார்த்துக்குவோம். அழ வைக்கிற ஆளு எப்படி இருப்பாருன்னு டோனி வரைஞ்சு கொண்டாந்தாரு. போயி செத்த நேரம் நின்னு பாருங்க."

போய் நின்றார். படத்தில் ஜிப்பா போட்ட ஒருவர் ஸ்டாண்டின் முன் உட்கார்ந்து எதையோ வரைந்துகொண்டிருந்தார். முகம் திரும்பவில்லை. இடது கை மட்டும் பின்னால் நீண்டு காலி டம்ளரை நீட்டியது. வாங்கிக்கொள்ள ஆள் வரும் என்பதில் அந்தக் கைக்குச் சந்தேகமே இல்லை. சுற்றி நின்ற பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தவள் அன்னாள்.

ஜிப்பாவின் முழங்கையில் நீலக்கறை. அது அவருடைய ஜிப்பா. டீ குடித்ததும் அவர் டம்ளரை நீட்டுவது அப்படித்தான். பத்து விலங்குகளையும் அப்படி நீட்டி நீட்டித்தான் வரைந்து முடித்திருந்தார்.

வேறு ஆளாக இருந்தால் வெட்கப்பட்டிருப்பார். அருள்நாதனுக்கோ வேறொன்று உறைத்தது: வாசல் சுவரில் தொங்குவது தான்தானே?

"அது நான்தாம்மா" என்றார் பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண்ணிடம். அவள் நம்பவில்லை. திரும்பி நின்று கையைப் பின்னால் நீட்டிக் காட்டினார். உடனே நம்பி, செல்பி எடுத்துக்கொண்டாள்.

படத்துக்குக் கீழே தன் பெயரையும் போடச் சொல்ல டோனியைத் தேடினார். அவன் ஜன்னலோரம் அன்னாளோடு நின்றான்.

"டம்ளர வாங்க லேட்டாச்சுன்னா நாற்காலியில டொக்கு டொக்குன்னு தட்டுவாரு தம்பி. அத எப்படி வரைவ?"

"வரையலாம்க்கா. இன்னும் சொல்லுங்க."

அருள்நாதனுக்குப் பொறுக்கவில்லை. கட்டிய நாளிலிருந்து கலையைப் பற்றி அவருக்கு ஒரு யோசனை சொல்லாதவள், பிளக்ஸ் கடைக்காரனுக்கு அள்ளிக் கொடுக்கிறாள். காதைத் தீட்டிக்கொண்டு கிட்டே போனார்.

இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.